ஆலைக்கு மேலே ராத்திரியில் ட்ரோன் – ஜாமர் வாங்கலாமா?

#1 கேட்காப்பாளர் | திங்கள், இரவு 9:14

வணக்கம். ஒரகடம் பக்கம் ஒரு ரசாயன ஆலையில் பாதுகாப்புப் பொறுப்பில் இருக்கிறேன். ஆலையின் பெயர் வேண்டாம். சால்வென்ட் (எளிதில் தீப்பிடிக்கும் ரசாயனக் கரைப்பான்) டேங்க் பதினொன்று ஒரே வரிசையில் நிற்கின்றன. என் தூக்கத்தைக் கெடுப்பது அந்த வரிசைதான்.

போன வாரம் மூன்று நாள் டேங்குகளுக்கு மேலே வெளிச்சம் தெரிந்திருக்கிறது. செவ்வாய் மாலை 6:50-க்குப் பார்த்தவன், வண்டு மாதிரி சத்தமும் கேட்டது என்கிறான். வியாழன் ராத்திரி பார்த்தவன், சத்தமே இல்லை, ஒரு வெள்ளை லைட் பத்து நிமிஷம் அசையாமல் நின்றது என்கிறான். சனி இரவு 11:20-க்கு நானே பார்த்தேன். ஒரு சிவப்பு, ஒரு பச்சை, 7-ஆம் டேங்குக்கும் 8-ஆம் டேங்குக்கும் நடுவே, ஐம்பது மீட்டர் உயரம் இருக்கும். முப்பது நாற்பது வினாடி இருந்துவிட்டுக் கிழக்கே போய்விட்டது. போனை எடுத்து லாக் திறப்பதற்குள் முடிந்தது கதை.

மேலிடத்தில் "ஒரு ஜாமர் வாங்கிப் போட்டுவிடுங்களேன்" என்கிறார்கள், அதாவது ட்ரோனின் ரேடியோத் தொடர்பை அடைக்கும் கருவி. ஒரு மேனேஜர், தோளில் வைத்துக் குறி பார்க்கும் துப்பாக்கி மாதிரி ஒன்றின் படத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பி விலை விசாரிக்கச் சொல்லியிருக்கிறார். வாங்கலாமா? யாராவது பயன்படுத்தியிருக்கிறீர்களா?

#2 சுடுதண்ணி | திங்கள், இரவு 9:31

ஜாமர் எதற்கு அண்ணே? நல்ல ஏர்கன் ஒன்று போதும். இல்லையென்றால் நம்ம ஊர்க் கவண். காடை அடிக்கிற பையன் ஒருவனைக் கூட்டி வந்து கேட்டில் உட்கார வையுங்கள், ஒரே நாளில் விழும்.

#3 அலைவரிசை | திங்கள், இரவு 10:05

சுடுதண்ணி, கீழே இருப்பது சால்வென்ட் டேங்க். அதை மனதில் வைத்துக்கொண்டு இன்னொரு தடவை படியுங்கள். ஒரு கிலோ எடையுள்ள ட்ரோன் ஐம்பது மீட்டரிலிருந்து விழுந்தால் மணிக்கு அறுபது எழுபது கிலோமீட்டர் வேகத்தில் வந்து இறங்கும். வயிற்றில் லித்தியம் பேட்டரி. அது நசுங்கினால் தீப்பிடிக்கும். பறக்கும்போது ஒன்றும் செய்யாத ட்ரோனை டேங்க் மூடியின் மேல் தள்ளிவிட்டு நாமே விபத்தை உண்டாக்க வேண்டுமா? எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தின கதை.

கேட்காப்பாளர் சார், ஜாமர் விஷயத்தில் பதில் சுருக்கம்: வாங்கவே வாங்காதீர்கள். இந்தியாவில் தனியார் யாரும் ஜாமர் வாங்கவோ வைத்திருக்கவோ கூடாது. மத்திய அரசு தனியாக அனுமதி கொடுத்த அமைப்புகளுக்கு மட்டும்தான். 2022 ஜனவரியில் தொலைத்தொடர்புத் துறை இதைத் திரும்பவும் அறிவிப்பாகவே வெளியிட்டது. ஆன்லைனில் விற்கும் கடைகளையும் எச்சரித்தது. உங்கள் மேனேஜர் அனுப்பிய படம் எந்தக் கடையிலிருந்து வந்தது என்று தெரியாது, ஆனால் பில் உங்கள் ஆலையின் பெயரில்தான் இருக்கும்.

சட்டத்தை விடுங்கள், வேலையாவது செய்யுமா? சாதாரண ட்ரோன் 2.4, 5.8 கிகாஹெர்ட்ஸில் ரிமோட்டுடன் பேசுகிறது. உங்கள் ஆலை வைஃபையும் அதே இடத்தில்தான் இருக்கிறது. வாயுக்கசிவு சொல்லும் சென்சார்களில் வயர்லெஸ் வகை ஏதாவது இருக்கிறதா? இருந்தால் ஜாமரை அழுத்திய நொடியில் முதலில் குருடாவது நீங்கள்தான். ட்ரோனுக்கு என்ன ஆகும் என்றால், தொடர்பு அறுந்ததும் சில அங்கேயே நிற்கும், சில இறங்கும், பெரும்பாலானவை கிளம்பிய இடத்துக்குத் திரும்பிப் போகும். ஜிபிஎஸ்ஸையும் சேர்த்து அடைத்தால் அந்த வீடு திரும்பும் புத்தியும் போய் காற்றடிக்கும் பக்கம் மிதக்கும். உங்கள் தலைக்கு மேலே மீனம்பாக்கம் போகும் விமானங்கள் வேறு. அங்கே ஜிபிஎஸ்ஸில் கை வைத்தால் விஷயம் எங்கே போய் நிற்கும் என்று சொல்லத் தேவையில்லை.

#4 கல்யாணக்கேமரா | திங்கள், இரவு 10:22

கவண் என்று சொன்னவருக்கு ஒரு கும்பிடு. போன தை மாசம் ஒரு மண்டபத்து வாசலில் மாப்பிள்ளை அழைப்பு எடுத்துக்கொண்டிருந்தேன். பக்கத்து மாடியிலிருந்து யாரோ கல்லால் அடித்தார்கள். ட்ரோன் சாமியானா மேலே விழுந்தது. நாலு அடி தள்ளி விழுந்திருந்தால் மணப்பெண்ணின் பாட்டி தலையில். அடித்தவருக்கு என்ன கோபம் என்றால், அவர் வீட்டுக் குளியலறையைப் படம் எடுக்கிறேனாம். நான் குதிரையை எடுத்துக்கொண்டிருந்தேன்.

கேட்காப்பாளர் அண்ணே, சிவப்பும் பச்சையும் என்றால் ட்ரோன் மாதிரிதான் இருக்கிறது. நாங்கள் வைத்திருக்கிற வகையில் முன் கை இரண்டிலும் சிவப்பு, பின்னால் பச்சை மினுக்கும். ஆனால் ஐம்பது மீட்டரில் இருந்தால் சத்தம் கண்டிப்பாகக் கேட்டிருக்கும். கேட்டதா?

#5 கேட்காப்பாளர் | திங்கள், இரவு 10:40

நல்ல கேள்வி. அந்த நேரம் கரண்ட் போய் ஜெனரேட்டர் ஓடிக்கொண்டிருந்தது. இடியே இடித்தாலும் கேட்டிருக்காது.

ஜாமர் வேண்டாம் என்று மேலிடத்துக்குச் சொல்லிவிடுகிறேன். அலைவரிசைக்கு நன்றி.

#6 ராடார்தாத்தா | செவ்வாய், காலை 5:48

விமானப்படையில் இருபத்தோரு வருஷம் ராடார் திரையைப் பார்த்தே கண்ணாடி போட்டுக்கொண்டவன் நான். தம்பி, நீங்கள் ட்ரோன் என்றே தலைப்பு போட்டிருக்கிறீர்கள். மூன்று நாள் வெளிச்சம் வந்தது, அவ்வளவுதான் இப்போதைக்கு நமக்குத் தெரியும். ராத்திரியில் தனியாகத் தெரியும் வெளிச்சத்துக்குத் தூரமும் கிடையாது, உயரமும் கிடையாது. ஐம்பது மீட்டரில் இருக்கும் சின்ன பல்பும் ஐந்து கிலோமீட்டரில் இருக்கும் பெரிய விளக்கும் கண்ணுக்கு ஒன்றுதான். எப்படி ஐம்பது மீட்டர் என்று சொன்னீர்கள்? டேங்குக்கு மேலே தெரிந்ததால் டேங்குக்குப் பக்கத்தில் இருப்பதாக மனசு கணக்குப் போட்டுவிட்டது.

கேட்விக் கதை தெரியுமா? லண்டனின் இரண்டாவது விமான நிலையம். 2018 டிசம்பர் 19, கிறிஸ்துமஸ் கூட்டம். ராத்திரி ஒன்பது மணி சுமாருக்கு, ஷிப்ட் முடித்துக் கிளம்பிய ஒரு செக்யூரிட்டி ஊழியர் ட்ரோன் பார்த்ததாகத் தகவல் கொடுத்தார். ஓடுபாதையை மூடினார்கள். திறக்கலாம் என்று நினைக்கும்போதெல்லாம் இன்னொருவர் பார்த்தேன் என்பார். இப்படியே ஏறத்தாழ 33 மணி நேரம். ஆயிரம் விமானம் ரத்து அல்லது வேறு ஊருக்குத் திருப்பம், 1,40,000 பயணிகள் பாதிப்பு. ராணுவத்தையும் கூப்பிட்டார்கள்.

கடைசியில் என்ன கிடைத்தது? ஒரு தம்பதியைப் பிடித்தார்கள், குற்றம் இல்லை என்று விட்டார்கள், பிற்பாடு இழப்பீடும் வழக்குச் செலவுமாக 2,00,000 பவுண்டு கொடுத்தார்கள். உண்மையான ஆள் இன்று வரை அகப்படவில்லை. அது ட்ரோன்தான் என்று உறுதி செய்யும் ஒரு தெளிவான படம்கூட வெளியே வரவில்லை. இத்தனைக்கும் பார்த்தவர்களில் போலீஸ், விமானி, கட்டுப்பாட்டுக் கோபுர ஆள் எல்லாம் உண்டு. இன்னொரு வேடிக்கை, தேடுவதற்காகப் போலீஸே ட்ரோன் பறக்கவிட்டது. அதையும் சிலர் பார்த்துத் தகவல் கொடுத்திருக்கலாம் என்று அந்தப் போலீஸ் தலைவரே ஒப்புக்கொண்டார்.

ட்ரோனே வரவில்லை என்று நான் சொல்ல வரவில்லை. வந்திருக்கலாம். வந்ததா இல்லையா என்று சொல்லும் கருவி அன்றைக்கு அந்த விமான நிலையத்தில் ஒழுங்காக இல்லை. அதனால்தான் 33 மணி நேரம். சுடத் துப்பாக்கி இல்லாததால் அல்ல.

#7 சுடுதண்ணி | செவ்வாய், காலை 8:10

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். சரி தாத்தா, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஜம்முவில் விழுந்தது பேய் இல்லையே?

#8 ராடார்தாத்தா | செவ்வாய், காலை 8:55

இல்லை. 2021 ஜூன் 27. ஜம்மு விமானப்படைத் தளம். விடிகாலை ஒன்றரை மணிக்கு மேல், சில நிமிட இடைவெளியில் இரண்டு குண்டு. ஒன்று கட்டடத்தின் கூரையைத் துளைத்தது, இன்னொன்று வெட்ட வெளியில் விழுந்தது. வீரர்கள் இருவருக்கு லேசான காயம். நம் நாட்டில் ராணுவத் தளம் ஒன்றின் மேல் ட்ரோனால் நடந்த முதல் தாக்குதல் அதுதான். எல்லையிலிருந்து அந்த இடம் 14 கிலோமீட்டர்தான்.

எனக்கு அன்றைக்கு முழுக்கப் போன் ஓயவில்லை. "ராடார் என்ன பண்ணிக்கொண்டிருந்தது மாமா?" என்று சொந்தக்காரப் பையன்களெல்லாம் கேட்டார்கள். ராடார் தன் வேலையைத்தான் பண்ணிக்கொண்டிருந்தது. நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் தூரத்தில் போர்விமானம் தேடுகிற ராடார், பனைமர உயரத்தில் மெதுவாக வருவதையெல்லாம் வேண்டாம் என்று கழித்துவிடும்படிதான் அமைக்கப்பட்டது. கழிக்காவிட்டால் காக்கா, கொக்கு, நெடுஞ்சாலை லாரி எல்லாம் திரையில் புள்ளியாக வந்து நிற்கும். ட்ரோனின் எதிரொலிப்பு ஒரு பறவை அளவுதான். இப்போது வருகிற சின்ன ராடார்கள் வேறு ஜாதி. இறக்கை சுற்றும்போது எதிரொலியில் வரும் நடுக்கத்தைப் பார்த்து இது புறா, இது ட்ரோன் என்று பிரிக்கின்றன. நம் காலத்தில் அந்தக் கொடுப்பினை இல்லை.

அடுத்த ராத்திரியே பக்கத்து ராணுவ முகாமில் ட்ரோன் தெரிந்தது என்று இருபது சொச்சம் ரவுண்டு சுட்டார்கள். ஒன்றும் விழவில்லை. கையிலிருக்கும் துப்பாக்கியால் இருட்டில் ட்ரோனை அடிப்பது அவ்வளவு லேசு. ராணுவத்துக்கே அப்படி. சுடுதண்ணித் தம்பியின் கவண்காரப் பையனுக்கு வாழ்த்துகள்.

#9 எல்லைமச்சான் | செவ்வாய், மதியம் 1:20

என் மச்சான் எல்லைப் பாதுகாப்புப் படையில் பஞ்சாபில் இருந்தான், தர்ன்தரன் பக்கம். அவன் சொன்னதைச் சொல்கிறேன்.

அங்கே ட்ரோன் அன்றாடம் வருகிற சமாசாரம். 2019-இல் துப்பாக்கிகளை இறக்கிய வழக்கில்தான் பெரிய பேச்சானது. இப்போது முக்கால்வாசி ஹெராயின். 2024-இல் மட்டும் பஞ்சாப் எல்லையில் கிட்டத்தட்ட 300 ட்ரோன்களைப் பிடித்தார்கள். முதலில் பெரிய சைஸ் வந்தது, சத்தத்திலேயே மாட்டிக்கொண்டது. இப்போது கையடக்கமானவை, உயரமாகப் பறந்து வந்து அரைக்கிலோப் பொட்டலத்தைப் போட்டுவிட்டு ஓடிவிடுகின்றன.

பொட்டலம் எப்படி இருக்கும் தெரியுமா? மஞ்சள் டேப் சுற்றி, மேலே ஒரு கம்பி வளையம், பக்கத்தில் இருட்டில் மின்னும் குச்சி ஒன்று ஒட்டியிருக்கும். வளையம் ட்ரோனின் கொக்கியில் மாட்ட. மின்னும் குச்சி, எடுக்க வருகிறவன் கோதுமை வயலில் தேடாமல் பார்ப்பதற்கு.

இவர்கள் முதலில் நம்புவது காதைத்தான். பனிக்காலத்தில் கண் தெரியாது, ராத்திரி இரண்டு மணிக்கு அந்த ரீங்காரம் மட்டும் வரும். கேட்டதும் வெளிச்சக் குண்டு மேலே போகும், சுடுவார்கள், அப்புறம் விடிந்ததும் போலீஸோடு சேர்ந்து வயல் வயலாகத் தேடுவார்கள். பல ட்ரோன்களையும் பொட்டலங்களையும் கண்டுபிடித்துத் தருவதே அந்த ஊர் விவசாயிகள்தான். தகவலுக்குச் சன்மானமும் உண்டு.

விழுந்த ட்ரோனின் சிப்பைத் திறந்து பார்ப்பது இன்னொரு வேலை. 2022 டிசம்பரில் விழுந்த ஒன்றில் பழைய பயணமெல்லாம் பதிவாகியிருந்தது: முதலில் சீனாவில் ஷாங்காய்ப் பக்கம் ஒரு தடவை, அப்புறம் பாகிஸ்தானில் கானேவாலில் இருபத்து சொச்சம் தடவை. ஆகவே உங்கள் ஆலைக்குள் ஏதாவது விழுந்தால் யாரும் கையால் எடுக்கக் கூடாது. ஏதாவது கட்டிவிட்டிருக்கலாம் என்பது ஒரு காரணம், உள்ளே இருக்கும் சிப் சாட்சி என்பது இன்னொன்று.

#10 கேட்காப்பாளர் | செவ்வாய், மாலை 4:02

இதை இன்று மாலை ரோல்காலில் ஆட்களுக்குச் சொன்னேன். ஒருவன், "சார், போன வருஷம் ஒன்று விழுந்ததே, நான்தான் எடுத்துப் பையனுக்கு விளையாடக் கொடுத்தேன்" என்றான். எனக்கு என்ன சொல்வதென்றே தெரியவில்லை. அவன் முகத்தில் அவ்வளவு வெகுளித்தனம்.

சரி, ஜாமரும் கூடாது, சுடவும் கூடாது. அப்படியென்றால் நான் என்னதான் செய்வது?

#11 அலைவரிசை | செவ்வாய், இரவு 8:37

ட்ரோன் எதிர்ப்பை இரண்டாகப் பிரியுங்கள். கண்டுபிடிப்பது, தடுப்பது. தடுப்பது அரசின் வேலை. கண்டுபிடிப்பதில் உங்களுக்கு நிறைய இடம் இருக்கிறது. வெறுமனே கேட்பதும் பார்ப்பதும் யாரையும் தொந்தரவு செய்யாது.

ரேடியோவைக் கேட்கும் பெட்டி ஒன்று உண்டு. ட்ரோனும் ரிமோட்டும் பேசிக்கொள்வதை ஒட்டுக் கேட்டு இன்ன கம்பெனி ட்ரோன், இன்ன திசை என்று சொல்லும். நல்ல பெட்டியாக இருந்தால் இயக்குபவர் நிற்கும் இடத்தையும் காட்டும். உண்மையில் நமக்கு வேண்டியது அதுதான், பட்டத்தை விட்டுவிட்டு நூல் பிடித்தவனைத் தேடுவது. ஆனால் முன்கூட்டியே வழியை ஏற்றிவிட்டு வாய் மூடி வரும் ட்ரோனிடம் இந்தப் பெட்டிக்கு வேலையில்லை. அதற்கு ராடார் வேண்டும், ராடார் சொன்னதை உறுதி செய்யக் கேமரா வேண்டும், வெப்பக் கேமராவாக இருந்தால் ராத்திரிக்கு நல்லது. ஒலி கேட்கும் மைக் வகையும் உண்டு. உங்கள் ஜெனரேட்டர் பக்கத்தில் அது தூங்கிவிடும்.

இவ்வளவும் வாங்கச் சொல்லவில்லை. டேங்க் பக்கம் இருக்கும் சிசிடிவி எல்லாம் தரையைத்தானே பார்க்கின்றன? இரண்டைத் தூக்கி வானத்தைப் பார்க்கத் திருப்புங்கள். முதல் செலவு ஒரு ஏணி.

#12 ராடார்தாத்தா | புதன், காலை 6:05

ஏணிக்கு என் ஓட்டு. கூடவே ஒரு நோட்டுப் புத்தகம். எழுத வேண்டியது: மணி, நின்ற இடம், திசை, தரைக்கோட்டிலிருந்து எத்தனை முஷ்டி உயரம் (கையை நீட்டி முஷ்டி பிடித்தால் ஒரு முஷ்டி சுமார் பத்து டிகிரி), லைட் நிறம், சத்தம். வீடியோ எடுத்தால் விளக்குக் கம்பம் ஏதாவது சட்டத்துக்குள் இருக்கட்டும். கறுப்பு வானத்தில் ஒரு புள்ளி மட்டும் ஆடும் வீடியோவால் யாருக்கும் பிரயோசனமில்லை. முக்கியமாக, இரண்டு பேர் இரண்டு மூலையிலிருந்து ஒரே நேரத்தில் திசை எழுதினால் கோடு வரைந்து தூரத்தையே கண்டுபிடித்துவிடலாம். நாங்கள் ஆதிகாலத்தில் செய்ததுதான்.

வியாழக்கிழமை லைட்டைப் பற்றி எனக்கு ஒரு சந்தேகம். பார்த்தவர் எந்தப் பக்கம் பார்த்து நின்றார்?

#13 கேட்காப்பாளர் | புதன், காலை 7:30

மேற்கே.

#14 ராடார்தாத்தா | புதன், காலை 7:41

நினைத்தேன். மீனம்பாக்கத்தில் காற்று கிழக்கிலிருந்து அடிக்கும் நாளில் விமானங்கள் மேற்கிலிருந்து இறங்கும். உங்கள் பக்கம் நின்று மேற்கே பார்த்தால் இறங்கும் விளக்கைப் போட்டுக்கொண்டு நேராக உங்களை நோக்கி வரும் விமானம், ஒரே இடத்தில் தொங்குவது போலத்தான் தெரியும். சத்தமும் வெகுநேரம் வராது. ஒன்று மறையும்போது அடுத்தது அதே இடத்தில் முளைக்கும். பத்து நிமிஷம் அசையாத லைட் சரியாகப் போச்சு. விமானப் போக்கைக் காட்டும் ஆப்பில் பழைய தேதிக்குப் போய் அந்த மணியைப் பாருங்கள்.

அமெரிக்காவில் 2024 கடைசியில் நியூஜெர்சி முழுக்க மர்ம ட்ரோன் என்று ஒரே அமளி. எஃப்பிஐக்கு 5,000-க்கும் மேல் தகவல் வந்தது. தொடர்ந்து விசாரிக்கத் தகுந்தவை நூறு அளவுக்குத்தான் இருந்தன. மிச்சத்தில் நிறைய விமானம், ஹெலிகாப்டர், சில நட்சத்திரம்.

#15 சுடுதண்ணி | புதன், காலை 10:15

எல்லாம் சரி, லேசர் என்று ஒன்று இருக்கிறதே? 2025 ஏப்ரலில் கர்னூலில் டிஆர்டிஓ (நம் ராணுவ ஆராய்ச்சி நிறுவனம்) 30 கிலோவாட் லேசரால் ட்ரோனைச் சுட்டு விழுத்தியது. சத்தம் இல்லை, குண்டு செலவு இல்லை.

#16 அலைவரிசை | புதன், பகல் 12:50

லேசர் நல்ல ஆயுதம்தான். ஆனால் குறி மேல் சில நொடிகள் ஒரே இடத்தில் பிடிக்க வேண்டும், மழை, பனி, புகை வந்தால் பலம் குறையும், அப்புறம் ட்ரோன் விழும் இடம் யார் வீட்டுக் கூரை என்று யோசிக்க வேண்டும். தலைநகரில் குடியரசு தினம், சுதந்திர தினத்துக்கு நிறுத்தும் டிஆர்டிஓவின் டி4 அமைப்பில் ராடார், கேமரா, ஜாமர், லேசர் நான்கும் ஒன்றாக இருக்கின்றன. தனித்தனியாக எதுவும் போதாது என்பதால்தான் அப்படி.

ஜாமரை நம்பிக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் உக்ரைனில் தலையில் கை வைத்துவிட்டார்கள். ட்ரோனின் வாலில் மெல்லிய கண்ணாடியிழை நூலைச் சுற்றி, பத்து இருபது கிலோமீட்டர் அவிழ்த்துக்கொண்டே போகிறது. கட்டளையெல்லாம் அந்த நூல் வழியேதான். ரேடியோவே கிடையாது, எதை அடைப்பது? சாலைகளின் இரு பக்கமும் கம்பம் நட்டு மேலே மீன்வலை கட்டிச் சுரங்கம் மாதிரி ஆக்கி, அதற்குள் வண்டி ஓட்டுகிறார்கள். இவ்வளவு நவீன ஆயுதத்துக்குக் கடைசி மருந்து மீன்வலை! நம் காசிமேட்டில் இதற்கு நிபுணர்கள் உண்டு.

#17 ராடார்தாத்தா | புதன், பகல் 2:20

பழைய சாமான்களைக் கேலி செய்யாதீர்கள். 2025 மே 8 ராத்திரி, லே முதல் சர் கிரீக் வரை 36 இடங்களில் பாகிஸ்தானிலிருந்து 300 முதல் 400 ட்ரோன் வந்ததாக நம் அரசு கணக்குச் சொன்னது. அவற்றை எதிர்கொண்டதில் எல்-70 பீரங்கிக்குப் பெரிய பங்கு. அது போன நூற்றாண்டின் நடுவில் பிறந்த பீரங்கி! புது ராடாரும் புதுக் கண்ணும் பொருத்தியிருக்கிறார்கள். குண்டு விலை மலிவு என்பதுதான் இதில் விசேஷம். அதே வருஷம் செப்டம்பரில் போலந்துக்குள் சுமார் இருபது ரஷ்ய ட்ரோன்கள் நுழைந்தபோது எஃப்-35 போர்விமானமெல்லாம் மேலே போய் ஏவுகணையால் அடித்தது. விழுந்தவற்றில் பல தெர்மோகோலும் பிளைவுட்டும். கொசுவுக்குப் பீரங்கி என்பார்களே, அதைவிடச் செலவு. எதிரி கணக்குப்பிள்ளை என்றால் தினமும் தெர்மோகோல் அனுப்பியே ஜெயித்துவிடுவான்.

#18 கல்யாணக்கேமரா | புதன், மாலை 5:05

கழுகு பழக்குகிறார்களாமே? நெதர்லாந்துப் போலீஸ் என்று எங்கோ பார்த்தேன்.

#19 எல்லைமச்சான் | புதன், மாலை 5:40

2016-இல் ஆரம்பித்து அடுத்த வருஷமே விட்டுவிட்டார்கள். பயிற்சியில் செய்வதை அது நிஜத்தில் செய்யுமா என்ற சந்தேகம், செலவு வேறு. நம் ராணுவமும் 2022-இல் ஔலியில் அமெரிக்காவோடு நடத்திய பயிற்சியில் அர்ஜுன் என்ற பருந்தைக் காட்டியது. தெலங்கானா போலீஸும் கழுகு பழக்கியிருக்கிறது.

#20 சுடுதண்ணி | புதன், மாலை 5:44

திருக்கழுக்குன்றம் பக்கத்தில்தானே இருக்கிறது, இரண்டைக் கேட்டுப் பாருங்களேன் அண்ணே. அவையும் வருவதை நிறுத்தி வருஷக்கணக்காகிறது, ஒருவேளை வேலை தேடிக்கொண்டிருக்கும்.

#21 மருந்தடிப்பவன் | புதன், இரவு 9:00

இழையை ஆரம்பத்திலிருந்து படித்தேன். நான் நெல்லுக்கு ட்ரோனில் மருந்தடிப்பவன். பத்து லிட்டர் டேங்க். பயிற்சி எடுத்து, சான்றிதழ் வாங்கி, பதிவு எண் ஒட்டி வைத்திருக்கிறேன். எந்த ஊருக்குப் போனாலும் முதலில் பத்துப் பேர் சூழ்ந்துகொண்டு "யார் நீ, வேவு பார்க்கிறாயா" என்கிறார்கள். கேட்பதில் தப்பில்லை. கேட்ட பிறகும் கல்லை எடுப்பதுதான் தப்பு. அனுமதி இல்லாத ட்ரோனைப் பிடிக்க நல்ல வழி, அனுமதி உள்ளவன் யார் என்று முதலில் தெரிந்து வைத்துக்கொள்வது. உங்கள் ஆலையைச் சுற்றி யார் யாரிடம் ட்ரோன் இருக்கிறது என்று விசாரித்தீர்களா? ஸ்டூடியோக்காரர், நிலம் அளப்பவர், மனை விற்பவர், காலேஜ் பையன்கள். ஒரு டீக்கடையில் அரை மணி நேரம் உட்கார்ந்தால் பட்டியல் கிடைத்துவிடும்.

#22 கறுப்புக்கோட்டு | புதன், இரவு 11:12

சட்டம் பற்றி யாரும் முழுதாகச் சொல்லவில்லை. ட்ரோன் விதிகள், 2021 (ஆகஸ்ட் 25-இல் அறிவித்தது) வானத்தைப் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று பிரிக்கிறது. விமான நிலையச் சுற்றுச்சுவரிலிருந்து 12 கிலோமீட்டருக்கு அப்பால் இருந்தால் 400 அடி வரை பெரும்பாலும் பச்சை, முன் அனுமதி வேண்டாம். சிவப்பில் மத்திய அரசு அனுமதியில்லாமல் பறக்கக் கூடாது. அரசின் டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தில் உங்கள் ஆலை எந்த நிறத்தில் இருக்கிறது என்று பாருங்கள். தனியார் ஆலை என்பதாலேயே சிவப்பு ஆகிவிடாது.

தற்காலிகச் சிவப்பு மண்டலமாக மாநில அரசோ காவல்துறையோ அறிவிக்கலாம், ஒரு தடவைக்கு அதிகபட்சம் 96 மணி நேரம். பிரதமர் சென்னைக்கு வரும்போதெல்லாம் "ட்ரோன் பறக்கத் தடை" என்று செய்தி வருகிறதே, இந்த வகைதான். விதியை மீறினால் அபராதம் 1 லட்சம் ரூபாய் வரை. என் கருத்தில் அது குறும்புக்காரனுக்கு அதிகம், கடத்தல்காரனுக்குத் தூசு.

நீங்கள் சுட்டு விழுத்தினால் என்ன ஆகும்? அடுத்தவன் பொருளைச் சேதம் செய்த வழக்கு உங்கள் மேல். அவன் அத்துமீறினான் என்று நீங்கள் வேறு வழக்கு நடத்த வேண்டும். பார்த்த உடனே 112, அப்புறம் எழுத்தில் புகார், ரசீது. மூன்று நாள் சம்பவத்துக்கும் புகார் கொடுத்தீர்களா?

#23 கேட்காப்பாளர் | வியாழன், காலை 6:50

கொடுக்கவில்லை. "நிச்சயம் இல்லாமல் போலீஸுக்குப் போக வேண்டாம், பெயர் கெடும்" என்று மேலே சொன்னார்கள். நானும் அதற்கு மேல் வற்புறுத்தவில்லை. இன்று போகிறேன்.

#24 கேட்காப்பாளர் | ஞாயிறு, இரவு 8:15

நடந்ததைச் சொல்லிவிடுகிறேன், நீளத்துக்கு மன்னிக்கவும்.

டீக்கடை யோசனைக்கு மருந்தடிப்பவன் அண்ணனுக்கு ஒரு பெரிய நன்றி. இரண்டாவது டீக்குள் ஆள் கிடைத்துவிட்டார். பின்பக்கம் மனை போட்டு விற்கிறார்கள், அதற்கு விளம்பர வீடியோ எடுக்கும் பையன். செவ்வாய் மாலை அந்தி வெளிச்சத்தில் எடுத்தானாம். திரும்பும்போது எங்கள் சுவரைத் தாண்டிவிட்டது. நேரில் வந்து மெமரி கார்டைக் கொடுத்தான். போட்டுப் பார்த்தோம். பதினொரு டேங்கும், வால்வு வரிசையும், எந்தப் பக்கத்தில் வேலி கிழிந்திருக்கிறது என்பதும் பளிச்சென்று தெரிந்தன. அந்தக் கிழிசலை நானே அப்போதுதான் பார்த்தேன். அவன் நல்லவன் என்பது நம் அதிர்ஷ்டம். பதிவை அழித்துவிட்டு, இனிமேல் எடுத்தால் கேட்டில் சொல்லிவிட்டு எடுப்பதாக எழுதிக் கொடுத்திருக்கிறான். வேலியை வெள்ளிக்கிழமை கட்டிவிட்டோம்.

வியாழக்கிழமை லைட், தாத்தா சொன்னதேதான். ஆப்பில் பார்த்தால் அந்தப் பத்து நிமிஷத்தில் மூன்று விமானம் வரிசையாக இறங்கியிருக்கின்றன. பார்த்தவனிடம் காட்டினேன். ஒப்புக்கொள்ள அவனுக்கு மனசே இல்லை.

சனிக்கிழமை 11:20 மட்டும் எதோடும் பொருந்தவில்லை. ஆப்பில் அந்த நிமிஷம் எங்கள் பக்கம் விமானம் இல்லை. மனைப் பையன் அன்றைக்குத் திருவண்ணாமலையில் ஒரு கல்யாணத்தில் இருந்திருக்கிறான், படம் காட்டினான். போலீஸில் புகார் ஏற்று ரசீது கொடுத்தார்கள். "பார்த்தவர் யார்" என்ற இடத்தில் என் பெயர். உயரம் என்ற இடத்தில் ஐம்பது மீட்டர் என்று எழுதப்போய், நிறுத்தி, "தெரியாது" என்று எழுதினேன்.

#25 ராடார்தாத்தா | ஞாயிறு, இரவு 8:32

சரியாக எழுதினீர்கள். கேமராக்களைத் திருப்பியாச்சா?

#26 கேட்காப்பாளர் | ஞாயிறு, இரவு 8:40

இரண்டைத் திருப்பியாச்சு. முதல் நாள் ராத்திரி பதிவில் நாற்பத்தேழு வவ்வால், ஒரு ஆந்தை. நேற்று 11:20-க்கு நான் ஒரு மூலையிலும், சாமியப்பண்ணன் இன்னொரு மூலையிலும் நோட்டோடு நின்றோம். ஜெனரேட்டரை ஐந்து நிமிஷம் நிறுத்தச் சொல்லியிருந்தேன். ஒன்றும் வரவில்லை. இன்றைக்கும் நிற்கிறோம்.